தூத்துக்குடி முதல் குமரி வரை கடலோர சைக்கிள் பயணம்: 33 பயனுள்ள குறிப்புகள்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலை ஒட்டிப் போகும் வழி சுமார் 135 கி.மீ. வரலாற்றில் முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை இது. இங்குள்ள பரதவர்கள் 1530-களில் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்து ஊர் ஊராக நடந்தார். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று பரதவர்கள் பெருமையோடு எண்ணும் ஏழு துறைகளில் ஐந்து இந்த வழியில்தான் இருக்கின்றன.

காரில் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே ஓடி, சில மணி நேரத்தில் குமரியைத் தொட்டுவிடுவார்கள். கோவில்களும் மீனவ ஊர்களும் அந்தச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் கிளைச் சாலைகளின் முடிவில் இருக்கின்றன. அந்தச் சந்துகளுக்குச் சைக்கிளைவிட ஏற்ற வண்டி இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவை சுற்றுலாவுக்காக ஏற்பட்ட ஊர்கள் அல்ல. இருட்டோடு தொழிலுக்குப் போய், மணி அடித்தால் பூசைக்குப் போகும் உழைப்பாளிகளின் ஊர்கள். அவர்களுடைய நேரத்துக்கு நம் பயணத்தை அமைத்துக்கொண்டால் பார்க்க வேண்டியதெல்லாம் தானாகவே கண்ணில் படும். கீழே உள்ள குறிப்புகள் அதற்குத்தான்.

புறப்படும் முன்

1. மாதம்: ஜனவரி, பிப்ரவரி இரண்டும் மிக ஏற்றவை. வெயில் தணிந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் தத்தளித்தன. டிசம்பரில் போவதென்றால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு ஆகாது.

2. காற்று: இந்தக் கரையில் மேடு பள்ளம் குறைவு. உங்கள் காலைச் சோதிப்பது காற்றுதான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று மீனவர்கள் சொல்வார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடையும் கொண்டலும் வீசும். அப்போது தூத்துக்குடியில் தொடங்கித் தெற்கே போனால் காற்று முதுகில் இருந்து தள்ளிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக அடிக்கும். கூடங்குளம், ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதே அதை நம்பித்தான். அந்த மாதங்களில் குமரியில் தொடங்கி வடக்கே வாருங்கள்.

3. நாள் கணக்கு: மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தூத்துக்குடி முதல் திருச்செந்தூர், இரண்டாம் நாள் திருச்செந்தூர் முதல் உவரி, மூன்றாம் நாள் உவரி முதல் கன்னியாகுமரி. கிளைச் சாலைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 முதல் 60 கி.மீ. வரும். பழக்கம் உள்ளவர்கள் ஒரே நாளில் குமரி வரை மிதித்துவிடலாம். ஆனால் ஒரு கோவிலுக்குள்ளும் உட்கார நேரம் இருக்காது.

4. ஒரே நாள் உள்ளவர்களுக்கு: திருச்செந்தூர் வரை ரயிலில் வந்து, ஆலந்தலை, மணப்பாடு, உவரி மூன்றை மட்டும் பாருங்கள். இந்தக் கரையின் சாரம் அதற்குள் அடங்கிவிடும். உவரியில் தங்கி மறுநாள் காலை திரும்பலாம்.

5. திருவிழா நாட்கள்: தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவின் முக்கிய நாள் செப்டம்பர் 14. குமரி அலங்கார உபகார மாதா திருவிழா டிசம்பரில். குலசேகரப்பட்டினம் தசராவுக்கும் திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் வரும், சாலைகளும் திருப்பிவிடப்படும். கொண்டாட்டத்தைப் பார்க்க விரும்பினால் அந்த நாட்களில் போய் சைக்கிளை அறையில் விட்டுவிட்டு நடங்கள். சைக்கிள்தான் முக்கியம் என்றால் வேறு தேதி பாருங்கள்.

6. கிழமை: கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மீன் ஏலம் பார்க்க வார நாள் நல்லது. ஊரே கூடிப் பாடும் பூசையைப் பார்க்க ஞாயிறு நல்லது. சனி, ஞாயிறு, திங்கள் என்று திட்டமிட்டால் இரண்டும் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகும் வள்ளமும் மட்டுமே போய்வரும்.

7. ரயிலில் சைக்கிள்: தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி மூன்று ஊர்களுக்கும் ரயில் உண்டு. பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். எல்லா ரயிலிலும் பார்சல் பெட்டி இருக்காது. பெடலைக் கழற்றிப் பையில் வைத்து, ஹேண்டிலை நீளவாக்கில் திருப்பி, கியர் பகுதியைப் பழைய போர்வையால் சுற்றிக் கட்டுங்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டினால் ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று இருக்கும்.

சைக்கிளுக்கு

8. டயர்: பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இந்தக் கரைக்கு உதவாது. ஊருக்குள் மணல் கிடக்கும் சந்துகளில் சறுக்கிவிடும். கொஞ்சம் அகலமான டயர் போட்டு, மணல் வழியில் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

9. முள்: வழி நெடுகச் சீமைக் கருவேலமும் உடையும் நிற்கின்றன. இங்கே பஞ்சர் என்றால் பெரும்பாலும் முள்தான். டியூபை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டினால் பத்தடி போவதற்குள் மறுபடி காற்று இறங்கும். காரணம், முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும். ஒரு பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் மெதுவாக ஒரு சுற்று இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவாதீர்கள், குத்தும். புருவம் எடுக்கும் சிறு இடுக்கியால் உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ பிடுங்கிவிட்டு, இன்னொரு முறை துணியை ஓட்டிப் பார்த்த பிறகு டியூபை மாட்டுங்கள்.

10. செயின் எண்ணெய்: தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் இரண்டையும் தவிருங்கள். அவற்றில் மணல் அப்பிக்கொண்டு செயினை அரம்போல் தேய்த்துவிடும். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சில சுற்றுச் சுற்றி, வெளியே கசிந்ததைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கண்ணிக்குள் ஈரமும் வெளியே வறட்சியுமாக இருக்க வேண்டும்.

11. உப்பு: உப்பளம், கடல் காற்று இரண்டும் இரும்புக்குப் பகை. இரவு தங்கும் இடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு, ஈரத் துணியால் சைக்கிளைத் துடைத்து உலர வையுங்கள். சீட் கம்பியிலும் திருகு மரைகளிலும் புறப்படும் முன்பே கிரீஸ் தடவி வைத்தால் துரு ஏறிப் பிடித்துக்கொள்ளாது.

12. வால்வு: மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள சைக்கிள் என்றால் அதற்கான அடாப்டர் ஒன்றைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். ஊர்க் கடைகளில் உள்ள பம்ப் அதில் பொருந்தாது. உங்கள் சக்கர அளவுக்கு மாற்று டியூப் இரண்டு, சொல்யூஷன், உப்புத்தாள், சிறிய பம்ப் ஆகியவை பையின் மேல்பக்கத்தில் இருக்கட்டும்.

பையில் வைக்க

13. தண்ணீர்: கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் எப்போதும் கையில் இருக்கட்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. எலுமிச்சம்பழம், உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை போகிறவர்களுக்கு வழியில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் புளித்துவிடும்.

14. சாப்பாடு: மணப்பாட்டுக்குத் தெற்கே உணவகங்கள் குறைவு. திருச்செந்தூரில் கிளம்பும்போதே மதியத்துக்குப் புளிச்சோறோ இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள். இடையில் கடிக்க, சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டியும் கடலை மிட்டாயும் போதும். வெயிலில் உருகும் சாக்லேட்டைவிட இவை நம்பகமானவை. தூத்துக்குடி மக்ரூன் வாங்கினால் தகர டப்பாவில் வையுங்கள். பையில் போட்டால் மாலைக்குள் பொடியாகிவிடும்.

15. வேட்டி ஒன்று: சைக்கிள் ஓட்ட அரைக்கால் சட்டை வசதிதான். ஆனால் அதோடு கோவிலுக்குள் போவது ஊராருக்குப் பிடிக்காது. ஆண்கள் ஒரு வேட்டி அல்லது கைலியும், பெண்கள் ஒரு பெரிய துப்பட்டாவும் மேல் பையில் வைத்திருந்தால் வாசலில் நின்று கட்டிக்கொண்டு போகலாம். அதே துணி வெயிலுக்கு முக்காடாகவும், இரவில் போர்வையாகவும் உதவும்.

16. வெயில் படும் பக்கம்: தெற்கே போகும்போது காலை வெயில் இடது பக்கம் விழும். இடது கன்னம், இடது முன்கை, கழுத்தின் பின்புறம் மூன்றும் முதலில் கறுக்கும். முழுக்கைச் சட்டையும் நனைத்துப் பிழிந்த கழுத்துத் துண்டும் எந்தக் களிம்பையும்விட நன்றாகக் காக்கும். உப்பளங்களை ஒட்டிப் போகும்போது வெள்ளை நிலத்திலிருந்து வெளிச்சம் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி அங்கே அவசியம்.

சாலையில்

17. தூத்துக்குடியை விடியும் முன் தாண்டுங்கள்: துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் முத்தையாபுரம் வரை உங்களோடு வரும். ஐந்து, ஐந்தரைக்கே கிளம்பி, பின்னால் சிவப்பு விளக்கு எரிய, ஓரமாகப் போய்விட்டால் பழையகாயலை நெருங்கும்போது சாலை அமைதியாகிவிடும். முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தின் மீது சூரியனைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கலாம்.

18. சாலையில் மணல்: காற்றடிக்கும் நாட்களில் மணப்பாடு, பெரியதாழை பக்கம் சாலையின் குறுக்கே மணல் ஏறிக் கிடக்கும். தூரத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். மணலுக்குள் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவது உறுதி. ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக விட்டு, தேவையானால் இறங்கித் தள்ளுங்கள்.

19. வலையும் கருவாடும்: ஊருக்குள் சாலையிலேயே வலையை விரித்துப் பழுது பார்ப்பார்கள். கருவாடும் காயும். அதன் மேல் சைக்கிளை ஏற்றவே கூடாது. ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பின்ன ஒருவர் மறுபடி உட்கார வேண்டும். இறங்கி, “அண்ணே, இந்தப் பக்கமாப் போகலாமா?” என்று கேளுங்கள். அவரே வலையை ஒதுக்கி வழி விடுவார்.

20. வழி கேட்பது: போன் வரைபடம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கே திரும்பத் திரும்ப இழுக்கும். கடலை ஒட்டிய வழி உண்டா, மணலில் முடிந்துவிடுமா என்பது ஊராருக்குத்தான் தெரியும். டீக்கடையில் “அண்ணாச்சி” என்றும், மீன் கூடையோடு வருகிற பெண்களிடம் “அக்கா” என்றும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆற்று முகத்துவாரங்களில் பாலம் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

21. தடை உள்ள இடங்கள்: கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த இரண்டு பகுதிகளிலும் படம் எடுப்பது, ட்ரோன் பறக்கவிடுவது, வேலியை ஒட்டி நிற்பது எதுவும் வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காவலர் நிறுத்திக் கேட்டால் எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த ஊரில் எதைப் பார்க்க

22. தூத்துக்குடி: பனிமய மாதா பேராலயத்தில் தொடங்குங்கள். மாதாவின் சுரூபம் மணிலாவிலிருந்து 1555-ல் கப்பலில் வந்தது என்பது மரபு. இப்போதைய கோவில் 1713-ல் கட்டி முடிக்கப்பட்டது, 1982-ல் பசிலிக்கா என்ற தகுதி பெற்றது. தங்கத் தேர் ஒவ்வொரு ஆண்டும் ஓடாது என்பதால் அதற்காகவே வருகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் இதே ஊரில்தான் இருக்கிறது. அலங்காரம் நிறைந்த மாதா கோவிலையும் எளிமையான டச்சுக் கோவிலையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இந்தக் கரைக்காக மோதிக்கொண்ட இரண்டு வல்லரசுகளின் வழிபாட்டு முறையும் விளங்கிவிடும்.

23. புன்னைக்காயல்: முக்காணி, ஆத்தூர் தாண்டிக் கிழக்கே திரும்பினால் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இந்த ஊர். போன வழியே திரும்ப வேண்டும் என்பதால் பலர் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் இது. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய உழைப்பு. நீங்கள் படிக்கும் இந்தப் பக்கம் போன்ற ஒவ்வொரு தமிழ் அச்சுக்கும் முன்னோடி அது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு முறை வந்து நிற்க வேண்டிய கரை.

24. வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை: திருச்செந்தூருக்கு வடக்கே சற்று முன்னால் வீரபாண்டியன்பட்டினத்துப் புனித தோமையார் கோவில். கூர்மையான வளைவுகளோடு உயர்ந்து நிற்கும். தெற்கே ஆலந்தலையில் திரு இருதயத் திருத்தலம். இரண்டுக்கும் நடுவில் முருகன் கோவில் கோபுரம். வடக்கே காயல்பட்டினத்தில் பழமையான பள்ளிவாசல்கள். ஒரு காலைப் பொழுதில் இவை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே சுற்றலாம். கடலையும் கரையையும் மூன்று சமயத்தாரும் பல நூற்றாண்டுகளாகப் பகிர்ந்து வாழ்வது கண்கூடாகத் தெரியும்.

25. மணப்பாடு: அரை நாளாவது ஒதுக்குங்கள். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் 1540-ல் நேர்ச்சையாகச் சிலுவை நட்ட குன்று இது என்பது ஊர் மரபு. 1581-ல் அங்கே திருச்சிலுவைக் கோவில் எழுந்தது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறு பக்கம் அலை இல்லாத காயல், நடுவில் ஊர். குன்றின் கடல்புறச் சரிவில் சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்குள் ஒரு சிறு கிணறு. நாலடி தள்ளி உப்புக் கடல் அலையடிக்க, இதில் ஊறுவது குடிக்கக்கூடிய தண்ணீர். கையை நேராகக் கிணற்றுக்குள் விடாமல், அங்கு இருப்பவர்களிடம் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இறங்கி ஊருக்குள் வந்தால் பரிசுத்த ஆவி கோவிலும் யாகப்பர் கோவிலும், கடல் வணிகத்தில் செழித்த குடும்பங்களின் பழைய பெரிய வீடுகளும் உண்டு.

26. உவரி: புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு எல்லா மதத்தாரும் நேர்ச்சையோடு வருவார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் கூடும். கடற்கரையில் கப்பல் மாதா கோவில். கட்டடமே கப்பல் வடிவம், அதன் மேல் ஒரு விமானமும் உண்டு. கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போன தங்கள் ஆட்களை மாதாவிடம் ஒப்படைக்கும் ஊர் தேர்ந்துகொண்ட வடிவம் அது. தங்குவதற்குத் திருத்தலத்தை ஒட்டி அறைகள் கிடைக்கும். விடுமுறை நாட்களில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

27. இடிந்தகரை முதல் குமரி வரை: கூத்தங்குழி தாண்டினால் இடிந்தகரை. அங்குள்ள லூர்து மாதா கோவில் முன்புதான் 2011 முதல் அணு உலைக்கு எதிரான போராட்டப் பந்தல் பல ஆண்டுகள் நின்றது. ஊரார் தாமாகப் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். நாமாகப் போய்த் துருவ வேண்டாம். பெருமணல், கூட்டப்புளி வழியாக அஞ்சுகிராமம் பக்கம் வந்து, திருவிதாங்கூர்க் காலத்து வட்டக்கோட்டையில் இளைப்பாறி, சின்னமுட்டம் துறைமுகம் வழியாகக் குமரியை அடையலாம். அலங்கார உபகார மாதா கோவிலின் நடுக் கோபுரம் 153 அடி. முழுச் செபமாலையின் 153 மணிகளை நினைத்து வைத்த உயரம் என்பார்கள். கடைசிச் சில கி.மீ. அந்த வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம்.

கோவிலிலும் கரையிலும்

28. பூசை நேரம்: விடியற்காலையும் மாலையும் பூசை நடக்கும். அப்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. பின்வரிசையில் அமைதியாக உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். பகலில் கதவு பூட்டியிருந்தால் கோவில் பணியாளரிடமோ பக்கத்து வீட்டிலோ கேளுங்கள், திறந்து காட்டுவார்கள். உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள்.

29. ஏலம்: வள்ளங்கள் கரை சேரும் காலை நேரத்தில் மீன் ஏலம் நடக்கும். சாளை, நெத்திலி, பாறை, விளமீன் என்று குவியல் குவியலாக விலை ஏறும். அது அவர்களுடைய அன்றாட வருமானம். நடுவில் நுழையாமல் ஓரமாக நின்று பாருங்கள். படகு இழுக்கும்போது “ஒரு கை கொடுக்கட்டுமா?” என்று கேட்டுச் சேர்ந்துகொண்டால், பிறகு பேச்சு தானாக வளரும்.

30. கடலில் இறங்கும் முன்: அமைதியாகத் தெரியும் கடலில், காற்றே இல்லாதபோதும் திடீரென்று பேரலை ஏறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தொலைவில் தெற்கே வீசிய புயலின் அலை இங்கே வந்து சேர்வதுதான் காரணம். ஏப்ரல், மே மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அன்று மீனவர்கள் கடலில் இறங்கவில்லை என்றால் நீங்களும் இறங்க வேண்டாம். ஈரப் பாறைகளில் நின்று படம் எடுக்கவே கூடாது.

31. அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. போனில் மட்டும் அல்லாமல் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். சில ஊர்களில் சிக்னல் கிடைக்காது. போனை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உப்புக் காற்றும் மணலும் உள்ளே போகாது.

வாங்கி வர

32. கருவாடும் கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும்: கருவாடு வாங்கும்போது தடித்த பகுதியை விரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் சரியாகக் காயவில்லை. இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தால் கெட்டது. செய்தித்தாளில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டுத் துணிகளோடு சேராமல் கட்டுங்கள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்த வழியில்தான் கிடைக்கும். மிக மலிவாகக் கொடுத்தால் சீனி கலந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டில் காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாத தகர டப்பாவில் வைத்தால் கசியாது. மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் பெயர் பெற்றவை. பேரம் பேசாமல் வாங்குங்கள். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் ஓலை வெடிக்கும்.

33. படமும் பணமும்: யாரைப் படம் எடுத்தாலும் முதலில் கேளுங்கள், எடுத்ததை அவர்கள் போனுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். டீ, இளநீர், மதியச் சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அந்தந்த ஊரிலேயே செலவாகட்டும். பிளாஸ்டிக் குப்பையை மட்டும் பையிலேயே திருப்பி எடுத்து வாருங்கள், அங்கே போடுவது கடைசியில் அவர்கள் வலையில்தான் சிக்கும். வருகிறவர்களால் ஊருக்கு நாலு காசு கிடைத்து, தொல்லை இல்லாமலும் இருந்தால், அடுத்து வரும் சைக்கிள்காரருக்கும் இந்த ஊர்களில் வழி கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும்.